கிளிப் மாட்டிய நாட்கள்

அந்தப் பெரிய ஓட்டலின் தரைக்குக் கீழே இருக்கும் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் குக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் எட்டிப் பார்க்கும். குக்கர் என்று முதலில் கூப்பிட்டவள் நெட்டை. இவளோடு ஜோடி சேர்ந்து படுக்கை விரிப்பு மடிப்பவள், கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வருகிற உயரம். "கோவிச்சுக்காத. விசில் அடிச்சிட்டுதானே நீ பொங்குற. சொல்லாம கொள்ளாம வெடிக்கிறவங்களுக்கு நீ எவ்வளவோ தேவல" என்று விளக்கமும் அவளே கொடுத்துவிட்டாள். உண்மையில் அப்போதெல்லாம் விசில் ஒன்றும் கிடையாது. மனசு நோகக் கூடாது என்று நெட்டை சொன்ன நல்ல வார்த்தை அது. விசில் பிறகுதான் வந்தது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குக்கருக்குத் தன் கணவனிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லத் தைரியம் வருகிற நாட்களில் அவள் பேச்சை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்கிற நாட்களில் அவளுக்குத் தைரியம் வருவதில்லை. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

சலவைக்கூடம் என்றால் சோப்பு நுரையும் வாசனையும் என்று நினைக்க வேண்டாம். அடுப்புக்குள் குடியிருப்பது மாதிரிதான். ஒரு பக்கம் வரிசையாகத் துவைக்கும் மெஷின்கள், எதிரே டிரையர்கள், நடுவில் ரோலர் மெஷின். ஈர விரிப்பை ஒரு முனையில் இரண்டு பேர் கொடுப்பார்கள். சூடேறிய உருளைக்குள் போய், மறுமுனையில் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு வெளியே வரும். அங்கே குக்கரும் நெட்டையும் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடிப்பார்கள். பின்னால் நடந்து இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்து, முன்னால் நடந்து மூலையோடு மூலை சேர்த்து மடிப்பார்கள். அந்த ஒரு பார்வைதான் குக்கரின் வேலை. கறை, கிழிசல், மங்கல், ஓரத்தில் நூல் பிரிந்தது, எது இருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். உடனே இடுப்புப் பையிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்துக் குறை இருக்கிற இடத்தில் மாட்டி, பக்கத்துத் தள்ளுவண்டியில் எறிந்துவிடுவாள். கிளிப் மாட்டிய துணி மேல்மாடிக்குப் போகாது, அன்றைய எண்ணிக்கையிலும் சேராது. மறுபடி துவைத்து வந்த பிறகுதான் அதைத் துணியாகவே மதிப்பார்கள்.

அவள் உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். சினைப்பையில் நீர்க்கட்டி என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. கேட்டவர்கள் எல்லாரும் வயிற்றுக்குள் ஏதோ பலூன் ஊதி வைத்திருப்பதாக நினைத்து உச்சுக் கொட்டினார்கள். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். கட்டி என்று பெயர்தான், அது முதிராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைகள், அடிப்படைக் கோளாறு ஹார்மோனில் என்றார். அந்தக் கோளாறு அவளைத் தலையிலிருந்து கால் வரை ஒரு இடம் விடவில்லை. தலையில் இருக்க வேண்டிய முடி உதிர்ந்தது, தாடையில் தேவையில்லாத முடி முளைத்தது. தினமும் காலையில் ஜன்னல் ஓரத்தில் சின்னக் கண்ணாடியையும் முடிபிடுங்கும் இடுக்கியையும் வைத்துக்கொண்டு உட்காருவாள். சாப்பாட்டைக் குறைத்தாலும் எடை குறையவில்லை. குறைந்த மாதத்தில் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடும். மாதவிலக்கு அதன் இஷ்டத்துக்கு வரும். சில மாதம் எட்டிக்கூடப் பார்க்காது, சில சமயம் வந்தால் போகத் தெரியாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அதற்கு முன்னால் வருகிற நாட்கள்தான் அவளைத் தின்றன. மார்பு கனத்து, வயிறு உப்பி, சட்டைப் பித்தானே எதிரியாகிவிடும். தூக்கம் வராது. டிரையர் கதவு மூடுகிற சத்தம் பின்மண்டையில் வந்து விழும். யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டால் அழுகை வரும், கேட்காவிட்டால் ஆத்திரம் வரும். வாயைத் திறந்தால் எரிந்து விழுவாள், மூடினால் கண்ணில் தண்ணீர் நிற்கும். தனக்கு உள்ளே வேறு யாரோ உட்கார்ந்துகொண்டு தன் வாயை வாடகைக்கு எடுத்திருப்பதாக அவளுக்குத் தோன்றும். மற்ற பெண்களுக்காவது நாள்காட்டியைப் பார்த்துத் தயாராக இருக்கலாம். இவளுக்கு எப்போது வரும் என்றே தெரியாததால், எப்போது இந்த நாட்கள் தொடங்கும், எப்போது முடியும் என்பதும் தெரியாது. சில தடவை இதோ வரப்போகிறது என்று வாரக்கணக்கில் இழுக்கும். ஒரு வாரக் கஷ்டம்தானே என்று இதைப் படிக்கிற யாருக்காவது தோன்றினால், பல்வலியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் எல்லாரிடமும் சிரித்துப் பேசிப் பாருங்கள்.

அப்படி ஒரு காலையில்தான் கிளிப் விஷயம் தொடங்கியது. முந்தின நாள் நெட்டையை அவள் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். விரிப்பின் மூலை ஒரு விரற்கடை விலகியதற்காக, "உயரத்துல பாதி மூளைக்குப் போயிருந்தா உருப்பட்டிருப்ப" என்றாள். நெட்டை சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பகல் முழுக்கப் பேசாமல் மடித்தாள். மறுநாள் குக்கர் வேலைக்கு வந்ததும், மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அதுவும் திட்டாகவே வரும் போலிருந்தது. இடுப்புப் பையில் கைவிட்டாள். ஒரு மஞ்சள் கிளிப்பை எடுத்துத் தன் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு நெட்டையின் முன்னால் போய் நின்றாள்.

நெட்டை அதைப் பார்த்தாள். "என்னடி இது?"

"இன்னைக்கு நான் மேல அனுப்புற துணி இல்ல. நான் என்ன சொன்னாலும் எண்ணிக்கையில சேர்க்காத" என்றாள் குக்கர்.

நெட்டை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுக்குத் துணி பிரிக்கிற இடத்திலிருந்து பெரியக்கா வந்து என்ன கதை என்று கேட்டுக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. காலரில் கிளிப் இருந்தால் குக்கர் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். டிரையர் பக்கம் அனுப்பாமல் காற்றோட்டமான மேஜைக்கு அனுப்புவார்கள். மேல்மாடியிலிருந்து வருகிற போனை அவளுக்குப் பதிலாகப் பெரியக்கா எடுத்துப் பேசுவாள். சூப்பர்வைசர் அந்தக் கிளிப்பைப் பார்த்தும் பாராதது மாதிரி நடந்துகொள்வார். ஒரு தடவை அவரையே "ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கச் சம்பளம் குடுக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டாள். மனுஷர் காலரைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வெக்கை அதிகம்தான்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அப்போது எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையும் ஊசியும் செய்யாத உபகாரத்தை அந்த அல்பக் கிளிப் செய்தது என்று குக்கர் நினைத்தாள். நினைத்தது தப்பு என்று நானும் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் அது நல்ல ஏற்பாடுதான்.

வினை வீட்டில் தொடங்கியது. ஒருநாள் கிளிப்பைக் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பொறுமைக்கு ஒரு உருவம் கொடுத்துக் கையில் ஸ்பானரும் கொடுத்தால் அவன்தான். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஆட்கள் கத்திக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து அவன் குரல் கொடுப்பான். "ஒண்ணும் ஆகாதுங்க. பட்டனை எல்லாம் அமுக்காதீங்க. கதவைத் தள்ளாதீங்க. கொஞ்ச நேரம் அமைதியா நில்லுங்க, தானா சரியாயிடும்." அதே குரலில்தான் வீட்டிலும் பேசுவான். அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. சில நாள் அவன் பதிலுக்குக் கத்தினால் தேவலாம் என்று இருக்கும். கத்த மாட்டான், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான்.

காலரில் மஞ்சளாக ஏதோ இருப்பதைப் பார்த்து அவன் கேட்க, அவள் கதையைச் சொன்னாள். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நல்ல யோசனையா இருக்கே! வீட்டுலயும் போட்டுக்கோயேன். எனக்கும் தெரியும்ல, எப்ப வாயைத் திறக்கணும், எப்ப திறக்கக் கூடாதுன்னு" என்றான். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிளிப் இருந்தது. அவளாக மாட்டிக்கொள்ள மறந்த நாட்களில் அவனே கொண்டுவந்து காலரில் மெதுவாக மாட்டிவிடுவான். கணவன் மனைவிக்குள் எத்தனையோ விளையாட்டு இருக்கும், இது ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த விஷயம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. வேண்டும் என்று இருவருமே ஆசைப்பட்டார்கள். ஆரம்பத்தில் அவள்தான் அதிகம் ஆசைப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவர். "ஒரு மாத்திரை இருக்கு. அதை எடுத்தா நாள் ஒழுங்காகும், முகத்துல முடி குறையும், உங்களைப் படுத்தற அந்த நாட்களும் நிறையப் பேருக்கு அடங்கும். ஆனா அது கருத்தடை மாத்திரை. அதை எடுத்துக்கிட்டே குழந்தைக்கு வைத்தியம் பார்க்க முடியாது. குழந்தைக்குப் பார்க்கணும்னா வேற மருந்து, முட்டையை முதிர வைக்க. அது உங்க உடம்புக்குக் கொஞ்சம் சிரமமா இருக்கும்." டாக்டர்களின் அகராதியில் கொஞ்சம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மாத்திரையை ஒரு தடவை சில மாதங்கள் எடுத்திருந்தாள். முதல் மாதம் குமட்டியது, அடுத்த மாதம் தலைவலித்தது, அதற்கப்புறம் ஒரு நாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, தான் யார் மீதும் கோபமாக இல்லை என்பதைக் கவனித்தாள். அதுவே ஒரு விசேஷமாகத் தோன்றி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டுவிட்டாள். அப்புறம் குழந்தைக்காக அதை நிறுத்தினார்கள். முட்டை முதிர மாத்திரை, ஊசி, ஸ்கேன், காத்திருப்பு, ஏமாற்றம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கெட்ட நாட்கள் முன்பைவிட மோசமாக வந்தன. கடைசியில் ரத்தம் பட்டதும் இரண்டு துக்கம் ஒன்றாகச் சேரும். குழந்தை இல்லை என்பது ஒன்று. இத்தனை பாடும் வீண் என்பது இன்னொன்று.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. எடையைக் குறை என்றாள் தன் எடையைப் பற்றி யோசிக்காத அத்தை. டென்ஷன் ஆகாதே என்றான் டென்ஷன் ஏற்றிவிட்டே பேசுகிற அண்ணன். "ஒரு குழந்தை பொறந்துட்டா எல்லாம் தன்னால சரியாயிடும்" என்று நாத்தனார் போன் வைக்கும்போதெல்லாம் சொல்வாள். பொறக்காததுதான் பிரச்சினை என்று அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது?

எத்தனையாவது சுற்றோ, ஒரு மாலை. காலரில் கிளிப். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"எனக்குப் போதும். இனிமே ஊசி வேணாம். குழந்தையும் வேணாம். என்னால முடியல."

கணவன் துண்டை எடுத்துவந்து அவள் கையைத் துடைத்தான். "சரிம்மா. இப்ப எதுவும் முடிவு பண்ண வேணாம். இதெல்லாம் கிளிப் பேச்சு. கழட்டின பிறகு நிதானமா பேசலாம், சரியா?"

கரிசனமாகத்தான் சொன்னான். கெட்டவன் சொல்லியிருந்தால் அவள் பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். நல்லவன் சொன்னதால் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

நாட்கள் போயின, ரத்தம் வந்தது, மனசு லேசானது. கிளிப் கழன்றது. அவனும் மறக்காமல் கேட்டான். "அன்னைக்கு ஏதோ போதும்னு சொன்னியே, என்ன பண்ணலாம்?" அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தை படியேறினால்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மனுஷன். போன வாரம் முழுக்கத் தன்னிடம் திட்டு வாங்கியவன். இப்போதுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, அதில் போய்க் கல்லைப் போடுவதா? தவிர, அன்று பேசியது தான்தானா, உள்ளே உட்கார்ந்திருந்த அந்த இன்னொருத்தியா என்று அவளுக்கே சந்தேகம். "அதெல்லாம் விடுங்க, ஏதோ ஒரு இதுல சொன்னேன்" என்றாள். அவன் நிம்மதியாகி அடுத்த தேதியை வாங்கிவந்தான்.

அடுத்த சுற்றிலும் இதேதான். அதற்கடுத்ததிலும் இதேதான். கிளிப் இருக்கும்போது போதும் என்பாள். கழற்றிய பிறகு பேசலாம் என்பான் அவன். கழற்றிய பிறகு அவள் ஒன்றுமில்லை என்பாள். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. அவள் போட்ட சட்டத்தைத்தான் அவன் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான்.

நடுவில் சில மாதம் அவர்களாகவே இடைவெளி விட்டிருந்தார்கள். டாக்டரம்மா, "இன்னொரு சுற்று பார்க்கலாமா, வேண்டாமா, ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்துட்டு வாங்க. இந்தத் தடவை ஊசி கொஞ்சம் அதிகமா இருக்கும்" என்று சொல்லி ஒரு திங்கட்கிழமைக்கு வரச் சொல்லியிருந்தார். பேசி முடிவெடுப்பதாவது! கணவன் தேதியைக் கேட்டுக்கொண்டு மேலதிகாரியிடம் லீவு சொல்லிவிட்டான். அவளுக்கு அந்தத் திங்கள் கழுத்தில் கயிறு மாதிரி இறுகிக்கொண்டே வந்தது.

அதற்கு முந்தின வாரம் கிளிப் நாட்கள். சலவைக்கூடத்தில் ரோலர் மெஷின் அனலாகக் கொதித்தது. விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு, நெட்டையிடம் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். ஓட்டலைத் திட்டினாள், சூப்பர்வைசரின் செருப்புச் சத்தத்தைத் திட்டினாள், உப்பிய தன் காலைத் திட்டினாள். நடுவில், "எனக்குக் குழந்தையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். ஒரு மாசம் மனுஷியா இருந்தா போதும்" என்றாள்.

நெட்டை மடிப்பதை நிறுத்தவில்லை. "உன்னை ஒண்ணு கேட்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"நான் கோவிச்சாலும் எண்ணிக்கையில சேராது, கேளு."

"நீ கிளிப் போட்டுக்கிட்டு என்னென்னமோ பேசுற. ஒரு நாள் என்னைக் கொடிக்கம்பம்ங்கற. மறுநாள் நான் இல்லாட்டி செத்துருவேன்னு அழற. பெரியக்காவை ஒரு நாள் தெய்வம்ங்கற, ஒரு நாள் பேய்ங்கற. எல்லாம் மாறிக்கிட்டே இருக்கு. இந்தக் குழந்தை வைத்தியம் வேணாம்ங்கறது மட்டும் மாறவே இல்லடி. ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு, அதே வார்த்தை. கோவத்துல வர்ற பேச்சு இவ்வளவு ஒழுங்கா வருமா?"

குக்கர் கையில் இருந்த மூலையை விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது. மறுபடி துவைக்க வேண்டியதுதான். வேறு நாளாக இருந்தால் நெட்டைதான் திட்டு வாங்கியிருப்பாள். இன்று குக்கர் குனிந்து அதைத் தானே எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டாள். சாயங்காலம் வீடு திரும்பும் வரை அந்தக் கேள்வி அவளை விடவில்லை. உள்ளே இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தாளே, அப்படி ஒருத்தியே இல்லையோ? அந்த நாட்களில் பொறுத்துப்போகிற தெம்பு மட்டும்தான் தன்னிடம் இல்லாமல் போகிறதோ? இல்லாததும் பொல்லாததும் பேசுகிறாள், அது நிஜம். அதற்குள் உள்ளதும் ஒன்று கிடந்திருக்கிறது. தன்னையே தான் எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. கணவன் காலரைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை ரத்தம் வந்தது. சனிக்கிழமை உடம்பு அசதியாக இருந்தாலும் தலைக்குள் இரைச்சல் அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் காய்ந்த துணிகளைக் கணவன் வாரிக்கொண்டு வந்தான். கட்டில் விரிப்பு பெரியது, ஒரு ஆளாக மடிக்க முடியாது. அவன் இரண்டு மூலையைப் பிடித்தான், அவள் இரண்டு மூலையைப் பிடித்தாள். அவன் எப்போதும் மூலையைச் சரியாகப் பிடிக்க மாட்டான், வீட்டில் அவள் அதைக் கண்டுகொள்ள மாட்டாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும், லீவு சொல்லிட்டியா?" என்றான்.

"ஊசி போட்டுக்க நான் வரலைங்க."

"லீவு குடுக்கலையா?"

"லீவு கேட்டா குடுப்பாங்க. எனக்கு அந்த வைத்தியம் வேணாம். இதோட போதும்."

அவன் கண் பழக்கத்தில் அவள் காலருக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் விரிப்பை விட்டுவிட்டுப் போய்க் கிளிப்பை எடுத்துவந்துவிடுவானோ என்று அவளுக்கு ஒரு நிமிஷம் பயமாக இருந்தது.

"உடம்பு எப்படி இருக்கு?" என்றான் மெதுவாக.

"நல்லா இருக்கு. நேத்து தூங்கினேன். காலைல சாப்பிட்டேன். யாரையும் திட்டல, அழல. நல்லா இருக்கும்போதுதான் சொல்றேன்."

"அப்ப ஏன் திடீர்னு இப்படி?"

"திடீர்னா? ஒவ்வொரு தடவையும் இதையேதானே சொன்னேன்."

"அப்ப நீ கிளிப் போட்டிருந்தியேம்மா."

"நான்தான் போட்டிருந்தேன். உங்க காதுல போடலையே."

சொன்ன பிறகு அவளுக்கே கஷ்டமாக இருந்தது. அவன் பிடித்திருந்த மூலைகள் தளர்ந்தன. நடுவில் விரிப்பு தொய்ந்து தரையைத் தொட்டது. இவ்வளவு நாளும் அவன் வாயிலிருந்து வராத குரலில், "எனக்கு ஆசையா இருக்கே" என்றான். லிஃப்டுக்கு வெளியே நின்று பேசுகிற குரல் இல்லை அது. உள்ளே மாட்டிக்கொண்டவனின் குரல்.

"தெரியும்ங்க. தெரிஞ்சதாலதான் ஒவ்வொரு தடவையும் ஒண்ணுமில்லைன்னேன்."

"உனக்கு ஆசையே இல்லையா?"

"இருந்துச்சு. இன்னமும் கொஞ்சம் இருக்கு. அதுக்கு மேல களைப்பு இருக்கு. மாசத்துல பாதி நாள்தான் நான் நானா இருக்கேன். அந்தப் பாதியையும் மீதிப் பாதிக்கு மன்னிப்புக் கேட்டே ஓட்டிடறேன். எனக்கு மீதி நாளும் வேணும்ங்க."

அவன் விரிப்பின் தன் பக்கத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் ஓடிப்போய் "அதெல்லாம் விடுங்க" என்பாள். வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கட்டில் மேல் வைத்த விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "அந்த மாத்திரைய எப்ப இருந்து ஆரம்பிக்கணும்?"

"டாக்டரம்மாவைத்தான் கேட்கணும்."

"அப்ப நாளைக்குப் போவோம். அதைக் கேட்கவாவது போகணும்ல. லீவு சொல்லிடு" என்றான். சொல்லிவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். கதவு பாதி திறந்தே இருந்தது. அவன் முதுகு குலுங்குவது உள்ளிருந்தே தெரிந்தது.

அவளும் அழுதாள். வெளியே போய்ச் சமாதானம் சொல்லவில்லை. அவனுக்கு அழுவதற்கு நியாயம் இருந்தது, அதைத் துடைக்கிற தெம்பு அன்றைக்கு அவளிடம் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் விடாதவள், தன் வீட்டு விரிப்பைப் பாதி மடித்தபடியே கட்டிலில் போட்டுவிட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டாள்.